விதியும் முயற்சியும்: ஸர்க்கில் எழுந்த கேள்வி

 



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மய்யித் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் இளம்பெண் வயிற்றுப் பிள்ளையுடன் மவுத்தாகியிருந்தாள். நள்ளிரவில் இரத்தப் போக்கு தொடங்கியிருக்கிறது. வெளியூர் சென்றிருந்த வீட்டுப் பெரியவர் வந்த பிறகு மருத்துவமனைக்குப் போகலாம், அதற்குள் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் வாகனம் வந்திருக்கிறது. வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஜனாஸாவை எடுக்கும் முன் திரைக்குப் பின்னாலிருந்து அப்பெண்ணின் தாயார் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எம் மகளுக்கு இதுதான் எழுதியிருந்துச்சா? இல்ல, ராத்திரியே கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்மா. ஸப்ரு செய்யுங்கள்" என்று சொன்னேன். துக்க வீட்டில் ஓர் ஆலிம் வேறென்ன சொல்ல முடியும்? சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் என் அருகில் நின்ற ஒருவர் உடனே, "ஆமாம் ஹஜ்ரத், விதி முடிஞ்சு போச்சு, யார் என்ன செய்ய முடியும்?" என்று தலையசைத்தார். விடியட்டும் என்று இரவில் சொன்னவர் அவர்தான் என்பது எனக்குப் பிறகு தெரிய வந்தது. அவருடைய முகத்தில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. நான் தாய்க்குக் கொடுத்த ஆறுதலை அவர் தமக்கு விடுதலைச் சீட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாரோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

ஒரே சொல்தான். ஒருவருக்கு அது மருந்து, மற்றவருக்கு அது மறைப்பு. களா கத்ர் எனும் இந்தச் சொல்லை நம் முன்னோர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதை வரலாற்றில் தேடிப் பார்க்கும் ஆவல் அதனால்தான் ஏற்பட்டது. தேடல் என்னைக் கொண்டு போய் நிறுத்திய இடம், ஹிஜாஸிற்கும் ஷாமிற்கும் இடையே, தபூக்கிற்கு அப்பால் இருந்த ஸர்க் என்னும் சிற்றூர்.

ஸர்க்கில் நடந்தது என்ன?

ஹிஜ்ரி 18 அளவில், அதாவது கி.பி. 639 வாக்கில், அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டின் நிர்வாகத்தைப் பார்வையிட மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். ஸர்க்கை அடைந்தபோது, ஷாமின் படைத்தலைவர்கள் அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களும் மற்றவர்களும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் தாஊன் பரவியிருக்கும் செய்தியைக் கூறினர். தாஊன் என்பது நாம் பிளேக் என்று சொல்லும் அதே கொள்ளைநோய். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, சில நாட்களில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

அங்கே உமர் (ரலி) அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். தனியே அமர்ந்து முடிவெடுக்கவில்லை. முதலில் ஆரம்பகால முஹாஜிர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். ஒரு நோக்கத்திற்காகப் புறப்பட்டு வந்துவிட்டுத் திரும்புவது சரியல்ல என்று சிலர் கூறினர். எஞ்சியிருக்கும் நபித்தோழர்களைக் கொண்டுபோய் இந்த நோயின் வாயில் தள்ள வேண்டாம் என்று மற்றவர்கள் கூறினர். அவர்களை அனுப்பிவிட்டு அன்சாரிகளை அழைத்தார்கள். அவர்களும் அவ்வாறே இரண்டுபட்டனர். மூன்றாவதாக, மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்திருந்த குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. மக்களைத் திருப்பி அழைத்துச் செல்லுங்கள் என்றனர்.

காலையில் வாகனத்தில் ஏறித் திரும்பப் போவதாக உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அப்போதுதான் அபூஉபைதா (ரலி) அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?

கேட்டவர் சாமானியர் அல்லர். சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். இந்த உம்மத்தின் நம்பிக்கைக்குரியவர் என நபி (ஸல்) அவர்களால் பட்டம் பெற்றவர். எனவேதான் இக்கேள்வியை நீங்களா கேட்பது, வேறு எவரேனும் கேட்டிருக்கக் கூடாதா என்று உமர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். பிறகு, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கித்தான் செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அரபிகளுக்கு நன்கு புரிந்த ஓர் உவமையையும் சொன்னார்கள். ஒருவர் தம் ஒட்டகங்களுடன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார். அதன் ஒரு பக்கம் பசுமையாக இருக்கிறது, மறுபக்கம் வறண்டு கிடக்கிறது. பசும்புல்லில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதான்; வறண்ட நிலத்தில் மேய்த்தாலும் அதுவும் அல்லாஹ்வின் விதிப்படிதான்.

இந்த உவமையில் ஒட்டகங்களுக்கும் மேய்ப்பருக்கும் இடையே உள்ள வேறுபாடு நுட்பமானது. பள்ளத்தாக்கை அமைத்தவன் அல்லாஹ். எங்கே புல் முளைக்க வேண்டும் என்று நாடியவனும் அவனே. ஆனால் ஒட்டகங்களை வறண்ட பக்கத்திற்கு ஓட்டிச் சென்று பட்டினி போட்டுவிட்டு, விதி என்று மேய்ப்பர் சொன்னால் ஒட்டகத்தின் உரிமையாளர் ஏற்பாரா?

தம் தேவை ஒன்றின் நிமித்தம் வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அதன் பிறகே வந்து சேர்ந்தார்கள். இது பற்றித் தம்மிடம் அறிவு இருப்பதாகக் கூறி, ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அதிலிருந்து தப்பி ஓட வெளியேறாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

ஹதீஸ் கிடைக்கும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று குழுக்களிடம் ஆலோசனை, சாதக பாதகங்களைச் சீர்தூக்கல், அதன்பின் முடிவு. அறிவைப் பயன்படுத்துவது தவக்குலுக்கு எதிரானது என்று அந்தச் சபையில் இருந்த எவரும் கருதவில்லை.

போகாதவரும் போக மறுத்தவரும்

கதை இத்துடன் முடியவில்லை. மதீனா திரும்பிய உமர் (ரலி) அவர்களுக்கு அபூஉபைதா (ரலி) அவர்களைப் பற்றிய கவலை வாட்டியது. உங்களிடம் நேரில் பேச வேண்டிய அவசர வேலை இருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்ற கருத்தில் கடிதம் எழுதினார்கள். நிலைத்திருக்க முடியாத ஒருவரை நிலைத்திருக்கச் செய்ய அமீருல் முஃமினீன் விரும்புகிறார்கள் என்பது அபூஉபைதா (ரலி) அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முஸ்லிம்களின் படையில் நானும் ஒருவன், இவர்களை விட்டு என் உயிரை மட்டும் காத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, இக்கட்டளையிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று பதில் அனுப்பினார்கள். கடிதத்தைப் படித்து உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். அபூஉபைதா இறந்துவிட்டார்களா என்று அருகிலிருந்தோர் கேட்டனர். இல்லை, ஆனால் இறந்தது போலத்தான் என்றார்கள்.

படையைப் பள்ளமான, ஈரமான நிலத்திலிருந்து மேடான, காற்றோட்டமுள்ள இடத்திற்கு மாற்றுமாறு உமர் (ரலி) அவர்கள் மீண்டும் எழுதினார்கள். அந்த ஏற்பாட்டிற்கிடையிலேயே அபூஉபைதா (ரலி) அவர்கள் நோயில் வீழ்ந்து ஷஹீதானார்கள். ஜோர்தான் பள்ளத்தாக்கில் அவர்களின் பெயரால் இன்றும் பள்ளிவாசல் உள்ளது. அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதே நோயில் இறந்தார்கள். யஸீத் இப்னு அபீசுஃப்யான் (ரலி), ஷுரஹ்பீல் இப்னு ஹஸனா (ரலி) போன்ற தளபதிகளும் தப்பவில்லை. ஜெரூஸலத்திற்கும் ரம்லாவிற்கும் இடையே இருந்த அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் வரலாறு இதைத் தாஊன் அம்வாஸ் என அழைக்கிறது. இறந்தவர்களின் எண்ணிக்கை இருபத்தையாயிரம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இறுதியில் தலைமை அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் வந்தது. இந்நோய் தீயைப் போலப் பற்றுகிறது, மலைகளில் ஏறிச் சிதறிவிடுங்கள் என்று அவர்கள் மக்களுக்குக் கட்டளையிட்டார்கள். சிலர் கடுமையாக மறுத்தனர். ஆயினும் மக்கள் கலைந்து சென்றனர், நோயும் நீங்கியது. செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியபோது அதை அவர்கள் வெறுக்கவில்லை.

ஒருவர் உள்ளே செல்லாமல் திரும்பினார். ஒருவர் வெளியே வர மறுத்தார். ஒருவர் மக்களை மலைக்கு அனுப்பினார். மூவருமே கத்ரை ஈமான் கொண்டவர்கள். மூவருமே தத்தம் இடத்தில் ஒரு தேர்வைச் செய்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள் தங்கியது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த செயல் என்று எண்ணிவிடாதீர்கள். நோய்ப் பகுதியிலிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியும், தம் வீரர்களைக் கைவிடக் கூடாது என்ற பொறுப்பும் அவர்களின் காலைக் கட்டியிருந்தன. அது கடமையின் பக்கம் செய்யப்பட்ட தேர்வு. என் அருகில் நின்று தலையசைத்த மனிதர் சொன்ன விதிக்கும் இதற்கும் வெகுதூரம்.

நோயைப் பற்றி இன்று தெரிந்தது

பிளேக் நோயின் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்தார். எலியின் மீது வாழும் தெள்ளுப்பூச்சி மூலம் அது மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதனை செய்து காட்டினார். கிருமி உடலில் புகுந்த பின் ஒன்று முதல் ஏழு நாட்கள் வரை அறிகுறி ஏதும் தெரியாமல் இருக்கலாம். ஆரோக்கியமாகத் தெரியும் ஒருவர் அந்நோயைச் சுமந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட முடியும். தானியக் கிடங்குகளும் எலிகளும் நிறைந்த முகாமைவிட்டு மலையேறியவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்பதும் இப்போது விளங்குகிறது.

இதைச் சொன்னவுடன், பார்த்தீர்களா, விஞ்ஞானம் இன்று கண்டதை இஸ்லாம் அன்றே சொல்லிவிட்டது என்று மேடையில் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் நம் வரலாறு அவ்வளவு எளிதானதாக இல்லை. இதே ஹதீஸ்களைக் கையில் வைத்துக்கொண்டே, நோய் தொற்றுமா தொற்றாதா என்று நம் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டார்கள். தொற்று என்பது இல்லை என்ற கருத்துள்ள ஹதீஸும் இருக்கிறது. நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகத்தோடு சேர்க்காதீர்கள், சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் தொழுநோயாளியை விட்டு விலகுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸ்களும் இருக்கின்றன. நோய் தன் சொந்த ஆற்றலால் தொற்றுகிறது என்ற அறியாமைக்கால நம்பிக்கையைத்தான் முதல் ஹதீஸ் மறுக்கிறது. அல்லாஹ் படைத்த காரணங்களை அல்ல என்று பலர் விளக்கினர்.

கி.பி. 1348இல் ஸ்பெயினின் அந்தலூஸ் பகுதியைப் பெருங்கொள்ளைநோய் தாக்கியபோது, கிரனாடாவின் அமைச்சரும் மருத்துவருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீப், நோயாளியைத் தீண்டியவர் மாள்வதையும், விலகியிருந்தவர் பிழைப்பதையும், ஆடை, பாத்திரம் வழியாக நோய் பரவுவதையும் எடுத்துக்காட்டித் தொற்றை நிறுவினார். கண்ணால் கண்ட உண்மைக்கு மாறாக ஓர் ஆதாரத்தின் வெளிப்பொருள் தோன்றினால் அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது அவரது நிலை. பின்னாளில் அரசியல் பகைவர்கள் அவர் மீது மார்க்க விரோதக் குற்றம் சுமத்தினர். 1374இல் பாஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்.

மறுபுறம், ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரி என்னும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள். தாஊன் பற்றித் தனி நூலே எழுதினார்கள். அந்நோயில் தம் புதல்வியர் மூவரை இழந்தவர்கள் அவர்கள். தொற்று என்ற கருத்தை அவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் தம் கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதினார்கள். ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானவர்களே இறந்தனர். மூன்று நாள் நோன்பிருந்து மக்கள் பாலைவெளியில் திரளாகக் கூடித் துஆச் செய்து திரும்பினர். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு இறந்தோர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டனர். இப்படிக் கூடுவது ஸுன்னத்தில் இல்லாதது என்பதே அவர்கள் கூறிய விமர்சனம். காரணத்தை அவர்கள் வேறு விதமாக விளங்கியிருந்தும் கணக்கை மாற்றவில்லை. இந்த நேர்மைக்காகவே அந்த இமாமை நான் மேலும் நேசிக்கிறேன்.

2020 மார்ச் இறுதியில் நம் பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகை நின்றபோது, ஒரு வைரஸுக்குப் பயந்து அல்லாஹ்வின் வீட்டை மூடுகிறீர்களே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஸர்க்கையும் கெய்ரோவையும் அவர்களுக்குச் சொன்னேன். சிலர் ஏற்றனர், சிலர் கோபித்தனர். அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள் என்பதால் எனக்கு அவர்கள் மீது கோபம் வரவில்லை.

சிம்மாசனம் கற்றுக்கொண்ட விதி

விதியைச் சாக்காகச் சொல்லும் நோய் எளிய குடும்பங்களை மட்டும் பிடிக்கவில்லை. அரசர்களையும் பிடித்தது. உமையாக்களின் ஆட்சிக் காலத்தில் மஅபத் அல்ஜுஹனீ என்பவரும் அதாஉ இப்னு யஸாரும் பஸராவில் இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களிடம் வந்து முறையிட்டதாக இப்னு குதைபா பதிவு செய்துள்ளார். இந்த ஆட்சியாளர்கள் முஸ்லிம்களின் இரத்தத்தைச் சிந்துகிறார்கள், பொருளைப் பறிக்கிறார்கள், கேட்டால் எங்கள் செயல்கள் அல்லாஹ்வின் விதிப்படியே நடக்கின்றன என்கிறார்கள் என்பது முறையீடு. அல்லாஹ்வின் விரோதிகள் பொய் சொல்கிறார்கள் என்று இமாம் அவர்கள் சினந்தார்கள். இணைவைப்போரும் இதே சாக்கைத்தான் சொன்னார்கள் என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 148ஆம் வசனம் நமக்குக் காட்டுகிறது. அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோமே என்பதுதான் அவர்களின் வாதம்.

அநீதியை எதிர்க்கப் புறப்பட்ட மஅபத், மறு எல்லைக்குப் போய்விட்டார். கத்ர் என்பதே இல்லை, காரியங்கள் முன்தீர்மானமின்றிப் புதிதாகவே நிகழ்கின்றன என்றார். ஸஹீஹ் முஸ்லிமின் முதல் ஹதீஸ் இந்தப் பின்னணியில்தான் தொடங்குகிறது. யஹ்யா இப்னு யஅமர் என்பவரும் அவருடைய தோழரும் பஸராவிலிருந்து புனிதப் பயணம் வந்து, இப்னு உமர் (ரலி) அவர்களிடம் இவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்துவிட்டு, தம் தந்தை உமர் (ரலி) அவர்கள் வழியாக ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸைக் கூறினார்கள். நன்மை தீமை அனைத்தும் அல்லாஹ்வின் கத்ர் என நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று என நாம் சிறுவயதில் மனனம் செய்தோமே, அந்த ஹதீஸ். ஸர்க்கிலிருந்து திரும்பிய அதே உமர் (ரலி) அவர்கள்தான் கத்ரை ஈமானின் அங்கமாக நமக்கு அறிவித்தவர்களும் என்பது தற்செயலா?

இதற்கு நேர் எதிராக ஜஹ்ம் இப்னு ஸஃப்வான், காற்றில் அசையும் இலையைப் போன்றவன் மனிதன், அவனுக்குச் சொந்தமாக எந்தச் செயலும் இல்லை என்றார். ஹிஜ்ரி 128இல் அவர் கொல்லப்பட்டார். முஃதஸிலாக்கள் மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்றனர். அஹ்லுஸ் ஸுன்னாவின் இமாம்களான அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்), அபூமன்ஸூர் அல்மாத்துரீதி (ரஹ்) ஆகியோர் நடுவழியை விளக்கினார்கள். செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதை விரும்பிச் சம்பாதிப்பவன் மனிதன். இந்தச் சம்பாத்தியத்திற்குக் கஸ்பு என்று பெயர். விசாரணை அதன் மீதே.

மத்ரஸாவில் நாங்கள் ஓதிய ஷரஹுல் அகாயிதில் இமாம் தஃப்தாஸானி (ரஹ்) அவர்கள் இதற்கு மிக எளிய சான்று ஒன்றைக் காட்டுவார்கள். ஒரு பொருளைப் பிடிக்கக் கை நீள்வதற்கும், நடுக்க நோயால் அதே கை ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஒவ்வொருவரும் சந்தேகத்திற்கிடமின்றி உணர்கிறோம். முதல் அசைவில் நம் நாட்டம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. உஸ்தாத் அவர்கள் இந்தப் பாடத்தை நடத்தும்போது கையை நீட்டியும் நடுக்கியும் காட்டியது இன்றும் என் கண்முன் நிற்கிறது. பதினெட்டு வயதில் எனக்கு அது சிரிப்பை வரவழைத்தது.

அந்தக் கை மீண்டும் ஒரு சோதனைக் கூடத்தில் தென்பட்டது. பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாம் விரும்பும் நேரத்தில் மணிக்கட்டை அசைக்குமாறு சிலரிடம் கூறி, அவர்களின் மூளை மின்னோட்டத்தைப் பதிவு செய்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார். கை அசைவதற்கு ஏறத்தாழ அரை நொடிக்கு முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. அசைக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர்கள் சொன்ன நேரமோ, அசைவிற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னர்தான். நாம் முடிவு செய்வதற்கு முன்பே மூளை முடிவு செய்துவிடுகிறது, மனித சுதந்திரம் வெறும் மயக்கம் என்று பலர் எழுதினர். லிபெட் அப்படிச் சொல்லவில்லை. எண்ணம் தோன்றிய பின் செயலைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மனிதனுக்கு இருக்கிறது என்பதே அவர் கருத்து. 2012இல் ஆரன் ஷூர்கரும் அவருடைய சகாக்களும், அந்த ஆயத்தம் என்பது முடிவே அல்ல, மூளையில் எப்போதும் நிகழும் ஏற்ற இறக்கங்கள் ஓர் எல்லையைத் தொடுவதாக இருக்கலாம் என்று விளக்கினர். விவாதம் தொடர்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, 1814இல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, உலகின் அணுக்கள் அனைத்தின் இருப்பையும் விசைகளையும் ஒரு பேரறிவு அறிந்தால் அதற்கு எதிர்காலம் முழுவதும் கண்முன் தெரியும் என்று எழுதினார். ஜஹ்மின் இலையை இயந்திரமாக்கியது போன்ற கருத்து இது. 1927இல் ஹைசன்பர்க், நுண்துகளின் இருப்பையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறிய முடியாது என்று காட்டியதும் அந்த உறுதி ஆட்டம் கண்டது. அதனால் மனித சுதந்திரம் நிரூபணமாகிவிட்டது என்று நம்மவர் சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. துகளின் நிச்சயமின்மை வேறு. மனிதனின் பொறுப்பு வேறு. எதேச்சையாக விழும் தாயக்கட்டைக்கும் தான் சுதந்திரம் இல்லையே! விஞ்ஞானம் கை எப்படி அசைகிறது என்பதை அளக்கிறது. எந்தப் பக்கம் நீட்டினாய் என்று கேட்கப்படப்போவது நம்மிடம்.

தாயின் கேள்விக்கு

ஸஹாபாக்களும் கேட்டார்கள். பகீஉ மையவாடியில் ஒரு ஜனாஸாவின்போது, நபி (ஸல்) அவர்கள் கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியவாறு, ஒவ்வொருவரின் இருப்பிடமும் எழுதப்பட்டுவிட்டது என்று கூறினார்கள். அப்படியானால் எழுதப்பட்டதை நம்பி அமல்களை விட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்டனர். செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் வழி எளிதாக்கப்படும் என்பதே கிடைத்த பதில். மருந்து உண்பது விதியைத் தடுக்குமா என்று இன்னொருவர் கேட்டபோது, அந்த மருந்தும் அல்லாஹ்வின் விதியில் உள்ளதே என்றார்கள். திர்மிதியில் வரும் அறிவிப்பு இது. அப்படியானால் அந்த இரவில் மருத்துவமனையும் விதியில் உள்ளதுதான். வாடகைக் காரும் விதியில் உள்ளதுதான்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸின் வரிசை முறை எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாகி உட்கார்ந்துவிடாதே என்பது முதலில் வருகிறது. துன்பம் நேர்ந்துவிட்டால், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதே, அல்லாஹ்வின் கத்ர் என்று சொல் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. முற்பகுதியைச் செய்யாதவர் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஆதம் (அலை), மூஸா (அலை) ஆகியோரின் உரையாடலை விளக்கும் அறிஞர்கள் பலரும், நேர்ந்துவிட்ட துன்பத்திற்கே கத்ரைக் கூறலாம், செய்த குற்றத்திற்குக் கூறலாகாது என்றே எழுதியுள்ளனர்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது சரிதான். அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளாமல் இருக்க அந்தச் சொல் அருளப்பட்டிருக்கிறது. ஆனால் அருகில் நின்றவரை அன்றே தனியாக அழைத்துப் பேசியிருக்க வேண்டும். தவ்பா செய்யுங்கள், அடுத்த முறை நள்ளிரவென்றாலும் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பது நாள் கழிந்த பிறகே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றார். அந்த வாசகம் எனக்குரிய பங்கையும் என் கணக்கில் எழுதிவிட்டது.

ஸர்க் நிகழ்ச்சியைப் பற்றி ஃபத்ஹுல் பாரியில் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் இன்னொரு அறிவிப்பு இருக்கிறது. மேடைகளில் அதை நாம் அதிகம் சொல்வதில்லை. உமர் (ரலி) அவர்கள் பின்னாளில் தாம் ஸர்க்கிலிருந்து திரும்பியதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டதாக அவர்களின் மகனார் இப்னு உமர் (ரலி) வழியாக வரும் செய்தி அது. ஹதீஸின் துணை இருந்தது, ஆலோசனை இருந்தது, முடிவும் சரியானதே. பின் ஏன் மன்னிப்பு? முஸ்லிம்களின் முக்கியமான காரியத்திற்காக அவ்வளவு தூரம் வந்தவர்கள், முழுவதுமாக மதீனா திரும்பிவிடாமல், அருகிலேயே எங்கேனும் தங்கி, நோய் நீங்கியதும் சென்றிருக்கலாமே என்ற வருத்தமாக அது இருக்கலாம் என்று இப்னு ஹஜர் (ரஹ்) விளக்குகிறார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே செல்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன அதே நாவுதான், அந்தத் திரும்பலுக்காகவும் பாவமன்னிப்புத் தேடியிருக்கிறது.